வாட்டம் பார்க்காமல் வாங்கிய வீடு

பினாங்கு
14.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் சேகர் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். கொல்லைப்புறத்து மனையில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம் என்று நினைப்பதாகவும், இங்கே வாடகை வீடு வைத்திருப்பதில் எனக்கு என்ன கிடைத்தது என்பதை விவரமாக எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் பேசினால் நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

வீடு சுங்கை நிபோங்கில் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் உள்ள பகுதி என்பதால் குடிவருபவர்களுக்குப் பஞ்சமில்லை. பதினோராவது மாடியில் மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, 850 சதுர அடி. வெளிநாட்டவர் இங்கே வீடு வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், விலையும் அரசு வைத்த ஓர் உயர்ந்த வரம்புக்குக் கீழே இருக்கக் கூடாது என்பதால், வீட்டையும் கடனையும் இந்நாட்டுக் குடிமகளான உங்கள் மருமகள் பெயரிலேயே எடுத்தோம். நாங்கள் குடியிருப்பது முதல் வீடு, இது இரண்டாவது. இரண்டாவது வீடு வரைக்கும் வங்கி 90 விழுக்காடு கடன் கொடுக்கும். மூன்றாவது என்றால் 70தான், அந்த ஆசை இப்போதைக்கு எங்களுக்கு இல்லை.

விலை 3 லட்சம் வெள்ளி. (இங்கே தமிழர்கள் மலேசிய ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். நம் கணக்கில் ஒரு வெள்ளி 20 ரூபாய்க்குச் சற்று மேல்.) கைப்பணம் 30,000 போக, பத்திரம் மாற்ற முத்திரை வரி 5,000, கடன் பத்திரத்துக்கு 1,350, அதற்கு மேல் வக்கீல் கட்டணம் என்று, சாவி கைக்கு வருமுன்பே நாங்கள் சேர்த்து வைத்திருந்தது கரைந்துவிட்டது. 2,70,000 கடனுக்கு 35 ஆண்டுத் தவணை மாதம் 1,228. வாடகை 1,300. இந்த இரண்டு எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, மாதம் 72 வெள்ளி மிச்சம் என்று மனைவியிடம் காட்டியவன் நான்தான். கட்டடப் பராமரிப்புக்கு மாதம் 150, எதிர்காலப் பெரிய பழுதுகளுக்கென்று சட்டப்படி அதில் பத்தில் ஒரு பங்கு சேமநிதி 15 ஆகியவற்றைச் சேர்த்தபோது மிச்சம் போய் 93 வெள்ளி துண்டு விழுந்தது. மாநகர் மன்றத்துக்கு ஆண்டுக்கு இருமுறை கட்டும் மதிப்பீட்டு வரியும் காப்பீடும் இதற்குள் வரவில்லை. குடியிருப்பவர் கட்டும் வாடகையோடு எங்கள் சம்பளத்திலிருந்தும் கொஞ்சம் போட்டால்தான் வங்கிக்குக் கட்ட முடிகிறது என்பதே உண்மை நிலை. வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறோம் என்று அவள் அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள்.

ஆனாலும் கணக்குத் தவறியதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. வீட்டைப் பார்க்கப் போன அன்று முகவர் நேரே பால்கனிக்குத்தான் அழைத்துப் போனார். அங்கிருந்து பினாங்குப் பாலம் தெரிகிறது, 1985இல் திறந்த பழைய பாலம். மாலை வெயிலில் கடல்மேல் அது நீண்டு கிடந்ததைப் பார்த்துக்கொண்டே விலை பேசினேன். நீங்கள் வந்திருந்தால் பாலத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குளியலறைக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து நின்றிருப்பீர்கள். சின்ன வயதில் உங்களோடு எத்தனை வீட்டுக்கு வந்து அதைப் பார்த்திருக்கிறேன்! அந்த ஒரு சொம்புத் தண்ணீரை நான் ஊற்றவில்லை.

குடிவந்தவர்கள் வந்து ஐந்தாம் மாதம், பத்தாவது மாடி வீட்டுக்காரர் தம் குளியலறைக் கூரையில் மஞ்சள் கறை படர்வதாக நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார். இங்கே அடுக்குமாடிகளுக்கென்று 2013இல் ஒரு சட்டமும், அதன்கீழ் 2015இல் விதிகளும் வந்திருக்கின்றன. அந்த விதிகளின்படி புகார் வந்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். கீழ்வீட்டுக் கூரை கசிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை மேல்வீட்டிலிருந்துதான் கசிகிறது என்றே கொள்ளப்படும். எனக்கு முதலில் இது அநியாயமாகத் தோன்றியது. நிர்வாகத்தின் ஆள் வந்து வாளியில் தண்ணீர் ஊற்றிக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டேன். வடிகால் வாய் ஒரு மூலையில் இருக்க, தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடிக் கதவு நிலையின் அடியில் குளம் கட்டி நின்றது. நிலையின் கால் ஒரு விரல் உயரத்துக்கு ஊறிக் கறுத்துப்போய், நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தது. முன்னால் இருந்தவர் பழைய ஓடுகளின் மேலேயே புது ஓடு பதித்து, தண்ணீர் வடிகாலுக்கு ஓட வேண்டிய சரிவை, அந்த வாட்டத்தைக் கெடுத்துவைத்திருக்கிறார். பார்வைக்கு அழகான ஓடுகள், அதையும் சொல்ல வேண்டும்.

வேலைக்கு வந்த கொத்தனார் ஜாவாவைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். இரண்டு அடுக்கு ஓட்டையும் பெயர்த்து, கான்கிரீட் தெரியும்வரை சுத்தம் செய்து, நீர்க்காப்புப் பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஓரடி ஏற்றி இரண்டு கை அடித்தார். பிறகு வடிகாலை அடைத்து, ஒரு பகல் ஒரு இரவு முழுக்கத் தண்ணீரைத் தேக்கி வைத்தோம். மறுநாள் கீழ்வீட்டுக் கூரையை நானே தொட்டுப் பார்த்தேன், ஓதம் இல்லை. அதன்பின் அவர் பையிலிருந்து எடுத்தது, தண்ணீர் நிரப்பிய, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய், மட்டம் பார்க்கும் உங்கள் டியூப் லெவலேதான். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். எனக்கு மலாய் அரைகுறை, அவருக்குத் தமிழ் தெரியாது, என்றாலும் குழாயில் தண்ணீர் நின்ற இடத்தைப் பென்சிலால் சுவரில் குறித்துக்கொண்டே போகையில் இருவருக்கும் பேச வேண்டியே இருக்கவில்லை. செலவு மொத்தம் 3,800 வெள்ளி, ஏறக்குறைய மூன்று மாத வாடகை. அந்தப் பத்து நாள் குடியிருப்பவர்கள் ஒரே குளியலறையில் சமாளித்ததால் அம்மாத வாடகையில் 200 குறைத்துக்கொண்டேன்.

குடியிருப்பவர்கள் சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், கணவன் மனைவி இருவருக்கும் ஆலை வேலை. இங்கே வழக்கப்படி இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் தனி. ஒப்பந்தத்தை எழுதி, வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அந்தத் தாள் சான்றாகச் செல்லாது. சென்ற ஆண்டு கணவர் கையில் அடிபட்டு இரண்டு மாதம் வாடகை நின்றது. பூட்டை மாற்று, மின்சாரத்தை நிறுத்து என்று உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் யோசனை சொன்னார். நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றுவதை 1950ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என்னால் அது முடிந்திருக்காது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், இந்தியர்களுக்கு வீடு இல்லை என்று விளம்பரத்திலேயே போட்டிருந்ததைப் படித்துவிட்டு, நண்பன் அறையில் பாய் விரித்துப் படுத்தவன். நான்கு தவணையாகக் கொடுங்கள் என்றேன், கொடுத்துவிட்டார்கள்.

வருமான வரியில் ஒன்று தெரிந்துகொண்டேன். கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, காப்பீடு, பழுதுபார்த்த செலவு எல்லாவற்றையும் வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் முதல் குடியைப் பிடித்துத் தந்த முகவருக்குக் கொடுத்த ஒரு மாத வாடகையைக் கழிக்க முடியாது. குளியலறை ரசீதுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

உங்கள் மருமகளின் தாத்தா ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் நாற்பது ஆண்டு குடியிருந்தவர். 1948 ஜனவரி வரைக்கும் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு அப்போது வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. அற்ப வாடகை, அதனால் உரிமையாளர் ஒரு ஓடுகூட மாற்றித் தர மாட்டார், மழைக்காலத்தில் கட்டிலைச் சுற்றி ஏனம் வைப்பார்களாம். 2000ஆம் ஆண்டு பிறந்ததோடு கட்டுப்பாடு நீங்கியது, வாடகை ஏறியது, தாத்தா அக்கரையில் பட்டர்வொர்த்துக்குக் குடிபோனார். மாமியார் இதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் வாடகையை ஏற்றும் பேச்சை நான் தள்ளிப்போட்டுவிடுகிறேன். ஆனால் 1,300இலேயே நிறுத்திக்கொண்டு பழுதும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பதும் தெரியவில்லை, அடுத்த ஆண்டு 50 வெள்ளி கேட்கலாம் என்றிருக்கிறோம்.

நம் மனை விஷயத்துக்கு வருகிறேன். கட்டுவதற்கு நான் தருவதாகச் சொன்ன தொகையில் 1 லட்சம் ரூபாயை மட்டும் கட்டடத்தில் போடாமல் வங்கியில் தனியே வையுங்கள். முதல் மழைக்கும் முதல் மோட்டார் பழுதுக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதல் ஓராண்டு வாடகையை வீட்டுச் செலவில் சேர்க்க வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். இரண்டு போர்ஷனின் குளியலறைகளும் ஒரே சுவரின் இருபுறம் முதுகோடு முதுகாக அமையட்டும், குழாயும் குறையும், கசிந்தால் தேடும் இடமும் ஒன்றாக இருக்கும். மின்சார மீட்டரைத் தனித்தனியாகப் போட்டுவிடுங்கள். வரைபடத்தை வாட்ஸப்பில் அனுப்பினால் அடித்தளம் தோண்டுமுன் நானும் பார்த்துக்கொள்வேன். உங்களுக்கே சொல்லித்தருவதாக நினைக்க வேண்டாம்.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கசிவு நின்று ஏழு மாதம் ஆகிறது, கூரை நன்றாகக் காய்ந்துவிட்டது, ஆனால் கீழ்வீட்டில் அந்த மஞ்சள் கறை மட்டும் இரண்டு முறை வெள்ளையடித்தும் மேலே வந்துவிடுகிறது. பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டுமா, அல்லது கறைமேல் வேறு ஏதாவது அடித்துவிட்டுப் பெயிண்ட் அடித்தால் போதுமா? அந்த வீட்டு அம்மா முகம் சுளிக்காமல் இரண்டு முறை கதவைத் திறந்துவிட்டார், மூன்றாம் முறை சரியாகச் செய்துவிட வேண்டும். விவரமாக எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்,
சேகர்