விலைச்சீட்டில் இரண்டு எடைகளையும் எழுதுங்கள்

அமெரிக்காவில் பயண ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) விற்கும் முகவர்களுக்கு,

வணக்கம். சென்ற கோடையில் உங்களில் ஒருவரிடம் ட்ரெய்லர் வாங்கினேன். "உங்கள் பிக்கப் 9,200 பவுண்டு இழுக்கும். இது 5,600 தான், கவலையே வேண்டாம்" என்றார் விற்பனையாளர். அவர் சொன்னது காலி ட்ரெய்லரின் எடை. நீங்களே பொருத்தித் தந்த பேட்டரி, எங்கள் பாத்திர பண்டம், அரிசி மூட்டை எதுவும் அதில் இல்லை. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டுக்கு மேல்.

முதல் பயணத்தன்று இரவு எதிரே வந்தவர்கள் எல்லாரும் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். பிக்கப்பின் பின்புறம் அமுங்கி, என் முகப்பு விளக்கு அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. ஸ்டியரிங்கும் பிடிப்பில்லாமல் லேசாக இருந்தது. மறுநாள் லாரி நிறுத்தமொன்றின் எடைமேடையில் ட்ரெய்லரோடு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை ஏற்றி, சீட்டுகளைக் கழித்துப் பார்த்தேன். ட்ரெய்லர் 6,800 பவுண்டு. அதில் 880 பிக்கப்பின் கொக்கியின் மேல்.

ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டை அன்றுதான் படித்தேன்: ஆட்களும் சரக்குமாக 1,450 பவுண்டைத் தாண்டக் கூடாது. கொக்கியில் 880, எடையைப் பகிரும் இணைப்புக் கருவி 80, நாங்கள் நால்வர் 560. மொத்தம் 1,520. இழுக்க இன்னும் 2,400 பவுண்டு தெம்பிருந்தது, சுமக்கத்தான் இடமில்லை. விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனும், வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே2807 விதிப்படி, தலைக்கு 150 பவுண்டு வீதம் இருவரை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுவது.

சாமான்களைப் பின்னுக்குத் தள்ளலாமே என்று எனக்கும் தோன்றியது. நல்லவேளை, ஊர் மாட்டு வண்டி நினைவுக்கு வந்தது. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகத்தடியே மேலே தூக்கும். ட்ரெய்லருக்கும் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாகக் கொக்கியின் மேல் விழ வேண்டும். அது குறைந்தால் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கிவிடும்.

ஆகவே விலைச்சீட்டில் காலி எடையோடு, நிறைசுமையின் உச்ச வரம்பையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். என் ட்ரெய்லருக்கு அது 7,000. முன்பாரத்தை அதிலிருந்து கணக்கிடுங்கள். கையெழுத்து வாங்குமுன் வாடிக்கையாளரை அவருடைய வண்டிக் கதவருகே அழைத்துப்போய் அந்தச் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

இந்த ட்ரெய்லரைக் கொடுத்துவிட்டுச் சிறிய ட்ரெய்லர் வாங்க அடுத்த மாதம் கிளம்புகிறேன். இரண்டு எடைகளும் எழுதியிருக்கும் கடையில்தான் வாங்குவேன்.

இப்படிக்கு,
ட்ரெய்லரின் எடையைத் தாமதமாகத் தெரிந்துகொண்ட ஒருவன்