குண்டு மிளகாய் ரெண்டு கிலோ

ராசாவுக்கு அம்மா எழுதுறது. மருமகளும் பேரனும் சுகந்தானே? மேலத்தெருப் பையன் திருப்பூருக்குத் திரும்புறான். அவன்கிட்ட இந்தக் காயிதத்தையும் ரெண்டு கிலோ குண்டு மிளகாயையும் குடுத்து விட்டிருக்கேன். பங்குனியில எடுத்தது, நெறம் மங்கல. வெறும் வயித்துல டீயக் குடிச்சுட்டு கம்பெனிக்கு ஓடாத.

புரட்டாசியில புழுதி விதைப்பு போட்டோம். ஐப்பசி மழை ரெண்டு நாள் நின்னு பெஞ்சதுல நெல்லு மொளச்சிருச்சு. கண்மாய்க்குத்தான் இன்னும் தண்ணி வரல.

ஆடியில உங்கய்யாவுக்கு, கவர்மென்ட்டு விவசாயிக்குப் போடுற கிஸான் பணம் 2,000 ஏறுச்சு. போன வருசம் ரேகை பதியலன்னு நின்னு போச்சே, நீதானே லீவு போட்டு வந்து, போன்ல அவரு மூஞ்சியக் காட்டிச் சரி பண்ணுன. பத்து வெரலையும் மாத்தி மாத்தி மெஷின்ல வச்சாரு, நானும் முந்தானையில தொடச்சுத் தொடச்சு விட்டேன். கரிமூட்டம் போட்டுத் தேஞ்ச வெரல்ல ரேகை எங்கருந்து இருக்கும்? எம்மகன் வந்துதான் சரியாச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன்.

அந்த 2,000த்துல டி.ஏ.பி. ஒரு மூட்டை 1,350, யூரியா ரெண்டு மூட்டை 533. மிச்சம் 117 ஆட்டோவுக்கே பத்தல. ஆனா ஒண்ணு, இந்த வருசம் உரத்துக்கு வட்டிக்கு வாங்கல. உங்கய்யா பேருல பட்டா இருக்கப்போயி இதாவது வருது. பக்கத்து வயல பட்டா இல்லாம, வெளைச்சல்ல பங்கு குடுக்குற வாரத்துக்கு உழுகுறாளே வள்ளி, அவளுக்கு ஒத்தப் பைசா கெடையாது.

என் உரிமைத் தொகை 1,000 மாசம் 15ஆம் தேதி தவறாம வந்துருது. 2023 செப்டம்பர்ல மொத மொத வந்தப்ப உனக்குத்தான் போன் போட்டேன். நூறு நாள் வேலைக் காசுக்கு வெயில்ல மண்ணு சொமக்கணும், இதுக்கு அது இல்ல. உங்கய்யா ஏ.டி.எம். கார்டைக் கேட்டாரு, குடுக்கல. ஆனா குழுக் கடன் வசூலுக்கு வர்றவரு அன்னைக்குக் காலையிலேயே திண்ணையில வந்து உக்காந்துக்கிறாரு. தேதி அவருக்கும் தெரியும்ல. அவருக்கு 640 போக மிச்சத்துல எண்ணெய், பருப்பு.

எதையும் கேட்டு எழுதல, கணக்குச் சொல்றேன், அவ்வளவுதான். மூணு மாசமா போன் எடுக்கல, வேலையா இருப்ப. மாசம் பொறந்தா மகன் அனுப்பிருறான்னு ரத்தினத்தக்கா குழாயடியில சொல்லிக்கிட்டே இருக்கா. நான் வாயத் தொறக்கல. நைட் ஷிப்ட்டு நெறையப் பாக்காத. வெறும் வயித்துல டீ குடிக்காத, உங்க தாத்தா வயித்து நோவுல பட்ட பாடு உனக்கே தெரியும்.

ராசா, சுத்தி வளைக்க எனக்குத் தெரியல. ஆடிப் படையலுக்கு வந்தப்ப, "அதான் ஆயிரம் வருதுல்லம்மா, இந்த மாசம் அத வச்சுப் பாத்துக்கங்க"ன்னு நீ மெதுவாத்தான் சொன்ன. நான்தான் மருமக முன்னாடி, "உங்காசு எனக்கெதுக்கு, கவர்மென்ட்டு எனக்கு மகனாட்டம் குடுக்குது"ன்னு வெடுக்குனு சொல்லிட்டேன். அது பொய்யி. நீ அனுப்புன 2,000த்துலதான் இந்த வீட்டுல ஒல கொதிச்சுச்சு. நீ எந்திரிச்சுப் போனப்ப எலையில பாதிச் சோறு கெடந்துச்சு. அத எடுத்து மாட்டுக்குப் போட்டேனே ஒழிய, உன்னக் கூப்பிடல.

அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டதுல பனியன் கம்பெனியில ஆர்டர் இல்லாமப் போச்சுன்னு பொறகுதான் டிவியில பாத்தேன். அன்னைக்கே உனக்கு வேலை கொறஞ்சிருச்சா? அதச் சொல்லத்தான் வாயெடுத்தியா?

போன 15ஆம் தேதி வந்ததுல 500 எடுத்து, பழைய காலண்டர் தாள்ல சுத்தி, மிளகாய்ப் பைக்கு அடியில வச்சிருக்கேன். கடன்காரருக்கு அடுத்த மாசம்னு சொல்லிட்டேன். கொண்டு வர்ற பையனுக்கும் தெரியாது, உங்கய்யாவுக்கும் தெரியாது. மிளகாயக் கொட்டும்போது பாத்துக் கொட்டு.

அம்மா