ஃபிரிட்ஸ் வசைச்சொல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் முதல் உலகப் போர்க் கட்டுரையில், “ஃபிரிட்ஸ் என்பது ஜெர்மானியரை இழிவுபடுத்த ஆங்கிலேயர் உண்டாக்கிய வசைச்சொல்” என்று போகிற போக்கில் ஒரு வரி. படித்ததும் மனம் கசந்துபோனது.

கிருஷ்ணமூர்த்தி கிட்டு ஆவதுபோல, ஃபிரீட்ரிக் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்தான் ஃபிரிட்ஸ். ஹைன்ரிக் ஹைன்ட்ஸ் ஆவதும், லுட்விக் லுட்ஸ் ஆவதும் அதே ‘ட்ஸ்’ சேர்ந்துதான். தங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் முன்பொரு தொடரில் ஹைன்ரிக்கும் ஹைன்ட்ஸும் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள். எழுதினேன், திருத்தம் வரவில்லை.

1740 முதல் 1786 வரை ஜெர்மானிய அரசான பிரஷ்யாவை ஆண்ட இரண்டாம் ஃபிரீட்ரிக்கை அவர் நாட்டு மக்களே ‘ஆல்ட்டெ ஃபிரிட்ஸ்’ என்றார்கள். உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி 1756இல் ஆணையிட்டவர் அவர். போட்ஸ்டாமில் அவருடைய கல்லறைப் பலகைமேல் இன்றும் உருளைக்கிழங்கை வைத்துவிட்டுப் போகிறார்கள். ‘ஆல்ட்டெ ஃபிரிட்ஸ்’ என்ற பெயரைத் தாங்கள் ‘கிழட்டு ஃபிரிட்ஸ்’ என்று அச்சிட்டீர்கள். ‘ஆல்ட்டெ’ என்றால் வயதானவர்தான். ஆனால் இந்த இடத்தில் அது உரிமையோடு கூப்பிடும் சொல். ‘பெரியவர் ஃபிரிட்ஸ்’ என்றால் பொருந்தும்.

ஊரெல்லாம் இருந்த பெயர் என்பதால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் எதிரியை அப்படி அழைத்தார்கள். இரண்டாம் போரில் ரஷ்யர்களும் அழைத்தார்கள். ஏளனம் அழைத்தவர் வாயில் இருந்தது, பெயரில் அல்ல.

ஜெர்மன் மொழிக்குள்ளேயே இளக்காரம் உண்டு. அது ‘ஃபிரிட்ஸெ’ என்று இன்னொரு சொல்லின் வாலில் ஒட்டும்போது வருவது. ‘ஃபெர்ஸிஹெருங்ஸ்ஃபிரிட்ஸெ’யை ‘காப்பீட்டு முகவர்’ என்று பெயர்த்தால் தொனி செத்துவிடும். ‘இன்ஷூரன்ஸ் ஆசாமி’ என்பதே சரி. ‘மெக்கர்ஃபிரிட்ஸெ’ எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் ஆசாமி. 2024 டிசம்பரில் தொலைக்காட்சியில் அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ், “ஃபிரிட்ஸெ மெர்ட்ஸ்” பிதற்றுகிறார் என்றதும் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஃபிரீட்ரிக் மெர்ட்ஸ் கண்டித்தார். இறுதி ‘எ’யை விட்டுவிட்டு அச்சிட்டால் வாசகருக்கு என்ன புரியும்?

அதே ஃபிரிட்ஸ் மழையிலும் இருக்கிறது. 1954 ஜூலை 4 அன்று பெர்னில் கொட்டும் மழையில் ஹங்கேரியை 3–2 என்று வென்று கால்பந்து உலகக் கோப்பை வாங்கிய மேற்கு ஜெர்மனி அணியின் தலைவர் ஃபிரிட்ஸ் வால்ட்டர். மழை பெய்யும் ஆட்ட நாளை ஜெர்மானியர் இன்றும் ‘ஃபிரிட்ஸ் வால்ட்டர் வானிலை’ என்கிறார்கள். இதையா வசை என்பது?

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். ‘கிழட்டு’ என்ற சொல்லையும் இணையப் பதிப்பிலாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜெர்மன்–தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்