நிலுவையில் வக்கீலுக்கு எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் என் பக்கத்து வீட்டுக்காரர் முன்னாள் ராணுவ வீரர். அவர் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு முதன்முறை விண்ணப்பித்தபோது உதவிக்கு வந்த ஒரு நிறுவனம், கூடுதலாகக் கிடைக்கும் மாதத் தொகையைப்போல் ஐந்து மடங்கு கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. முதல் விண்ணப்பத்துக்கு யாரும் கட்டணம் வாங்கவே சட்டத்தில் இடமில்லை.

முன்னாள் படைவீரர் துறை முதல் முடிவைச் சொன்ன பிறகு, மறுபரிசீலனை அல்லது மேல்முறையீட்டில்தான் துறையின் அங்கீகாரம் பெற்ற வக்கீல் ஊதியம் பெறலாம். முடிவு வரும்வரை சேர்ந்து, மொத்தமாகக் கிடைக்கும் நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயம் என்று கொள்வார்கள். பெரும்பாலும் துறையே அதைப் பிடித்து வக்கீலுக்கு அனுப்பிவிடும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமற்றது என்று கொள்வார்கள். இனி மாதாமாதம் வரும் பணம் வீரருக்கே.

வக்கீல் கட்டணத்துக்கு 1864இல் வந்த 10 டாலர் உச்சவரம்பு 1988 வரை நீடித்தது. அந்தக் காசுக்கு எந்த வக்கீல் வருவார்? ஆகவே 20 சதவீதத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கீகாரமில்லாமல் வசூலிப்பவர்களுக்கு இருந்த குற்றவியல் தண்டனையை 2006இல் நீக்கியது பெரும் தவறு. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும். அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் வீரர் சங்கங்கள் இலவசமாகவே விண்ணப்பிக்க உதவுகின்றன. வீரர்கள் முதலில் அங்கே போகட்டும்.

– ஒரு வாசகர், டெக்சாஸ்