உங்கள் பாக்கெட்டை நாங்கள் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால்

தங்கள் கருவிகளுக்கெனத் தனி நெறிமுறை எழுதும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், அவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தரும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் மீட்டரோ கேமராவோ கன்ட்ரோலரோ நெட்வொர்க்கில் பேசுவதை, பாக்கெட் எனும் தரவுத் துண்டுகளைப் பிடித்துப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் திறந்தால், யுடிபி ஹெடர் (தலைப்பகுதி) வரை ஒழுங்காகப் பிரிந்து வருகிறது. அதற்குக் கீழே ‘டேட்டா’ என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பிரித்துப் படிக்கும் பிளக்இன் உங்களில் பலரிடம் உண்டு. ஆனால் அது சப்போர்ட் பிரிவின் நான்கு மடிக்கணினிகளில், பழைய வயர்ஷார்க்கோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதை வயர்ஷார்க்கின் மூலநிரலிலேயே சேர்த்துவிடுங்கள் என்று, அதைப் பராமரிக்கும் நாங்கள் கேட்கத்தான் இந்த மடல்.

பைனரி பிளக்இன் எந்தப் பதிப்பு வரிசைக்காக பில்டு செய்யப்பட்டதோ அதில்தான் ஏறும். 4.0க்குச் செய்தது 4.2இல் ஏறாது. பிளக்இன் அழைக்கும் ஃபங்ஷன்களின் தொகுப்பான ஏபிஐயும் அவ்வப்போது மாறும். டிஸெக்டர், அதாவது ஒரு நெறிமுறையைப் பிரித்துப் படிக்கும் நிரல், மூலநிரலுக்குள் இருந்தால், ஏபிஐயை மாற்றுகிறவரே அதையும் திருத்தியாக வேண்டும். இல்லையென்றால் பில்டு உடையும், அவர் அனுப்பும் திருத்தம் (பேட்ச்) உள்ளே போகாது. வெளியே இருந்தால் அந்த வேலை ஒவ்வொரு முறையும் உங்கள் தலையில். ‘ரகசியம்’ என்று பைனரியை மட்டும் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதும் சரிவராது: வயர்ஷார்க் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் இருப்பது, அதோடு இணைத்து நீங்கள் வெளியே கொடுக்கும் பிளக்இனுக்கும் மூலநிரல் கொடுத்தாக வேண்டும். 1998இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் ஈத்தரியல் என்று வெளியிட்டது 2006இல் வயர்ஷார்க் ஆனதும் இந்த உரிமத்தின் புண்ணியத்தில்தான். வணிகப் பெயரை விட்டுவிட வேண்டியிருந்தது. மூலநிரலை எடுத்துக்கொண்டு போக முடிந்தது.

இனி, எங்களிடம் வரும் டிஸெக்டர்கள் எங்கே உடைகின்றன என்று பார்ப்போம்.

முதல் இடம், நீளம். வகைக்கு 1 பைட், நீளத்துக்கு 2 பைட், பிறகு மதிப்பு என்று ஒரு அமைப்பு. நீளத்தில் அந்த 3 பைட் ஹெடரும் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். லூப் ஒவ்வொரு சுற்றிலும் அந்த நீளம் அளவுக்கு முன்னே நகர்கிறது. எவரோ நீளத்தில் 0 போட்டு ஒரு பாக்கெட் அனுப்பினால் லூப் நின்ற இடத்திலேயே சுற்றும், வயர்ஷார்க் உறைந்துபோகும். மதிப்பின் அளவைக் கண்டுபிடிக்க அந்த 0விலிருந்து 3ஐக் கழித்தீர்களா, குறியில்லா 16 பிட் எண்ணில் அது 65533 ஆகிவிடும். நீளம் 3க்குக் குறைவாக இருந்தால் வயர்ஷார்க்கின் பிழைக்குறிப்புப் பட்டியலான ‘எக்ஸ்பர்ட் இன்ஃபோ’வில் ஒரு எச்சரிக்கை சேர்த்துவிட்டு வெளியேறுங்கள். மூன்று வரி நிரல்தான். உங்கள் கருவி 0 அனுப்பவே அனுப்பாது என்று வாதாடாதீர்கள். டிஸெக்டர் படிப்பது உங்கள் கருவி அனுப்பியதை மட்டுமல்ல, அந்த போர்ட்டுக்கு யார் எதை அனுப்பினாலும் அதையும். இதே காரணத்தால்தான் பாக்கெட் பிடிக்கும் வேலை டம்ப்கேப் என்ற சிறிய நிரலுக்குத் தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ரூட் அனுமதியை (கணினியின் முழு அதிகாரத்தை) அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிரித்துக் காட்டும் நிரலுக்குக் கொடுக்காதீர்கள்.

பைட்களை எடுக்க வயர்ஷார்க் தரும் ஃபங்ஷன்களையே பயன்படுத்துங்கள், நேரடி பாயின்டர் வேண்டாம். எல்லை தாண்டினால் அவையே பிடித்து நிறுத்தும். அதோடு ஒரு நுணுக்கம்: பாக்கெட்டின் உண்மையான நீளம் வேறு, பிடிபட்ட நீளம் வேறு. 96 பைட் மட்டும் பிடித்த ஃபைலில், ஈதர்நெட்டுக்கு 14, ஐபிவி4க்கு 20, டைம்ஸ்டாம்ப் சேர்ந்த டிசிபிக்கு 32 போக உங்களுக்கு மிஞ்சுவது 30 பைட். பிடிபட்ட நீளத்தை வைத்து முடிவெடுக்கும் டிஸெக்டர், நல்ல பாக்கெட்டையே கெட்டுப்போனது என்று சொல்லிவிடும். வாடிக்கையாளர் உங்கள் கருவியைத்தான் திட்டுவார்.

அடுத்தது கொஞ்சம் தந்திரமான கோளாறு. பட்டியலில் சரியாகத் தெரிந்த வரி, சொடுக்கியதும் மாறிவிடுகிறது. கடைசியாக வந்த கோரிக்கையின் எண்ணை ஒரு குளோபல் வேரியபிளில் வைத்து, அடுத்து வரும் பதிலை அதோடு சேர்த்துக் காட்டியதன் விளைவு இது. ஃபைலைத் திறக்கும்போது மட்டும்தான் பாக்கெட்கள் வரிசையாக வரும். அதன் பிறகு நீங்கள் சொடுக்குகிற பாக்கெட்டுக்கு டிஸெக்டர் மறுபடி ஓடும். 900ஆவதைப் பார்த்துவிட்டு 12ஆவதைத் தொட்டால் வேரியபிளில் இருப்பது 900இன் மிச்சம். முதல் சுற்றில் கிடைத்ததை அந்த உரையாடலோடும் பாக்கெட் எண்ணோடும் கட்டிச் சேமியுங்கள். அடுத்த சுற்றுகளில் அங்கிருந்து எடுத்துக் காட்டினால் போதும்.

டிசிபியில் ஒரு செக்மென்ட் (ஒரு பாக்கெட்டில் வரும் துண்டு) என்றால் ஒரு செய்தி என்று எண்ணாதீர்கள். 2000 பைட் செய்தி 1460, 540 என்று இரண்டாக வரலாம். சிறிய செய்திகள் மூன்று ஒன்றாகவும் வரலாம். நிலையான ஹெடர் எத்தனை பைட், முழு நீளத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற இரண்டை மட்டும் சொல்லிவிட்டால், ஒட்டிச் சேர்க்கும் வேலையை வயர்ஷார்க்கே பார்த்துக்கொள்ளும்.

நெறிமுறையை இப்போதுதான் வகுக்கிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. தொடக்கத்தில் 4 பைட் அடையாளக் குறி ஒன்று வையுங்கள். போர்ட் தெரியாதபோது உள்ளடக்கத்தை வைத்து ஊகிக்க வேண்டும்; 1 பைட்டை நம்பினால் தற்செயலான தரவில் 256க்கு ஒன்று உங்களுடையது போலத் தோன்றி, பிறர் நெறிமுறையை நீங்கள் கைப்பற்றிவிடுவீர்கள். பதிப்பு எண்ணுக்கும் ஒரு பைட் தேவை. 49152க்கு மேலுள்ள போர்ட்டை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது தற்காலிக போர்ட்களின் இடம். சி ஸ்ட்ரக்ட்டை அப்படியே மெமரியிலிருந்து அனுப்பும் பழக்கத்தையும் விடுங்கள்: 1 பைட் வகையும் 4 பைட் எண்ணியும் சேர்ந்து 5 பைட் என்று ஆவணம் சொல்லும், கம்பைலர் இடையில் 3 பைட் நிரப்பி 8 ஆக்கியிருக்கும். ஐபி இல்லாமல் நேரே ஈதர்நெட்டில் பேசுவதாக இருந்தால் நீளத்தைக் கட்டாயம் எழுதுங்கள். சரிபார்ப்புப் பகுதி நீங்கலாக 60 பைட்டுக்குக் குறையும் ஃப்ரேமில் பூச்சியங்கள் நிரம்பும், அவை உங்கள் தரவாகவே படிக்கப்படும்.

அனுப்புமுன் சோதனை. வயர்ஷார்க்கோடு வரும் எடிட்கேப் என்ற ஃபைல் திருத்தும் நிரலில் பிழை விகிதம் 0.02 கொடுத்தால் ஒவ்வொரு பைட்டும் சிதைய நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு. அப்படிச் சிதைத்த ஃபைலை, முழு விவரமும் காட்டச் சொல்லி வயர்ஷார்க்கின் கட்டளைவரி வடிவமான டீஷார்க்கில் ஓட்டுங்கள். நூறு முறை. கிராஷ் இல்லை, உறைதல் இல்லை என்றால் அனுப்பலாம்.

கூடவே, பிடித்த பாக்கெட்கள் அடங்கிய ஒரு பிகேப்என்ஜி ஃபைல் வேண்டும், ஸ்கிரீன்ஷாட் அல்ல. ஒவ்வொரு செய்தி வகையிலும் ஓரிரு பாக்கெட் போதும், 2 ஜிபி வேண்டாம். வாடிக்கையாளரின் நெட்வொர்க்கில் பிடித்ததை வெட்டி ஒட்டாமல், சோதனைக் கூடத்தில் புதிதாகப் பிடியுங்கள். டிஎல்எஸ் மறையாக்கம் இருந்தால் அந்த அமர்வின் சாவிகளை எடிட்கேப் மூலம் ஃபைலுக்குள்ளேயே சேர்த்துவிடலாம். பிடித்த கணினியிலிருந்தே வெளியே போகும் பாக்கெட்களில் செக்சம் (சரிபார்ப்பு எண்) தவறாகத் தெரிந்தால் பக் ரிப்போர்ட் எழுத ஓடாதீர்கள். நெட்வொர்க் கார்டு அதைப் பிறகுதான் கணக்கிடுகிறது.

பேட்ச் பெரிதாக இருந்தால் பிரித்து அனுப்புங்கள்: முதலில் ஹெடரை மட்டும் படிக்கும் 300 வரி, மற்றவை பின்னால். 9000 வரியை ஒரே மூட்டையாக இறக்கினால் அதைப் படிக்க ஆள் கிடைக்காது. எங்களில் பெரும்பாலோர் செய்வது மாலை நேரத்து வேலை. நிரலின் தலைப்பில் ஒருவருடைய அலுவலக மின்னஞ்சலை எழுதாமல் குழுவின் முகவரியை எழுதுங்கள். அவர் வேலை மாறிய பிறகுதான் உங்கள் ஃபர்ம்வேரின் அடுத்த பதிப்பு வரும். அதைப் பற்றிக் கேட்டு நாங்கள் எழுதும் மடல் திரும்பி வந்துவிடும்.

இப்படிக்கு,
டிஸெக்டர்களைப் படித்து, திருத்தி, பராமரிப்பவர்கள்