சார்ல்ஸ் மிங்கஸ் பத்தி முழுசா எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல அமெரிக்க கறுப்பு மக்கள் உருவாக்குன ஜாஸ் இசை பத்தி வந்த பக்கம் படிச்சேன், தமிழ் பேப்பர்ல இதுக்கு எடம் குடுத்ததே பெரிய விஷயம், அதுக்கு நன்றி. ஆனா பேஸ் வாசிச்ச அமெரிக்க கறுப்பு கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸுக்கு மட்டும் ஓரமா ஒரு பெட்டி போட்டு, கோவக்காரர், மேடையிலயே சண்டை போடுவாருன்னு நாலு வரில முடிச்சிட்டீங்க. எதுக்கு அந்த கோவம்னு ஒரு வரி கூட இல்ல. அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

1922ல அரிசோனா நோகாலெஸ்ல பொறந்து, லாஸ் ஏஞ்சலஸ்ல வாட்ஸ் ஏரியாவுல வளந்தவரு. சின்ன வயசுல அவரு வாசிச்சது பேஸ் இல்ல, செல்லோ, உக்காந்து வில்லால வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம். கிளாசிக்கல் ஆர்கெஸ்ட்ரால கறுப்பு பையனுக்கு எடம் கிடைக்காது, எவ்ளோ நல்லா வாசிச்சாலும் கிடைக்காது, பேசாம பேஸ் எடுத்துக்கோன்னு பட்டி கோலெட்ங்கற கூட்டாளி சொல்லித்தான் மாறுனாரு. மாறிட்டு சும்மா இருக்கல, நியூயார்க் பில்ஹார்மோனிக்ல வாசிச்ச ஒரு பேஸ் வாத்தியார்கிட்டயே போயி வருஷக்கணக்கா பாடம் எடுத்துக்கிட்டாரு. ஆள் உயரத்துக்கு நிக்கிற வாத்தியம், நாலே கம்பி, பாட்டுக்கு அடியில கெடந்து தாளத்தையும் சுரத்தையும் தாங்குறதுதான் அதோட வேலைன்னு எல்லாரும் நெனச்சிட்டிருந்த காலத்துல, அத முன்னால கொண்டுவந்து வச்சு பேண்டையும் நடத்துனாரு, நூத்துக்கணக்குல மெட்டும் எழுதுனாரு.

எங்க வீடு பறை அடிக்கிற வீடு சார். நான் பையனா இருந்தப்ப மிருதங்கம் கத்துக்கணும்னு போயி கேட்டதுக்கு, உங்களுக்குத்தான் அது இருக்கே, இது எதுக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ரெண்டுலயும் இருக்கிறது மாட்டுத்தோல்தான். அதனால அந்த செல்லோ கதைய படிச்சப்ப என்னால சாதாரணமா தாண்டிப்போக முடியல.

1957ல அர்கன்சாஸ் மாநிலத்துல லிட்டில் ராக்ங்கற ஊர்ல அதுவரைக்கும் வெள்ளக்கார பிள்ளைங்க மட்டுமே படிச்ச ஸ்கூலுக்குள்ள 9 கறுப்பு பிள்ளைங்க போகக்கூடாதுன்னு கவர்னர் ஃபோபஸ் படைய கொண்டுவந்து நிறுத்துனாரு. அந்த ஆள் பேரையே வச்சு மிங்கஸ் ஒரு பாட்டு பண்ணாரு, ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபோபஸ். 1959ல கொலம்பியா கம்பெனி அத வெறும் இசையாத்தான் போட்டுச்சு, வார்த்தைய விடல. மறுவருஷமே கேண்டிட்னு வேற கம்பெனில வார்த்தையோட பதிவு பண்ணி, கவர்னர கேலி பண்ணி அவரே பாடுனாரு. இத சொல்லாம வெறும் கோவக்காரர்னு எழுதுனா எப்படி? 1952லயே டிரம்மர் மேக்ஸ் ரோச்சோட சேந்து டெபியூன்னு சொந்தமா ரெக்கார்டு கம்பெனி ஆரம்பிச்சவரு அவரு, நம்ம இசைக்கு நம்மதான் முதலாளியா இருக்கணும்னு.

அடிச்சது பொய்னு சொல்ல வரல. 1962ல தன்னோட பேண்டுல டிராம்போன்ங்கற ஊதுற வாத்தியம் வாசிச்ச ஜிம்மி நெப்பர வாயிலயே குத்திட்டாரு, பல்லு ஒடஞ்சு அவரு வாசிப்பே பாதிச்சுது, அது தப்புதான், அதையும் போடுங்க. ஆனா மிங்கஸ் தன் பேண்டுல வாசிச்சவங்களுக்கு எப்படி கத்துக்குடுத்தாருன்னும் போடுங்க. காகிதத்துல எழுதி குடுக்கறத விட பியானோல வாசிச்சு, வாயால பாடி காட்டி, காதுல ஏத்திக்கோங்கன்னு சொல்லுவாராம். பறைக்கும் அதே முறைதான், வாயால அடி சொல்லி கையில அடிச்சு காட்டுறது, எங்க தாத்தா எங்களுக்கு நோட்டு புக்கு எதுவும் குடுக்கல.

கடைசில ஏஎல்எஸ்ங்கற நரம்பு நோய் வந்து கை போச்சு, பேஸ தொட முடியல, அப்பவும் டேப் ரெக்கார்டர்ல பாடிப் பாடியே மெட்டு போட்டாரு. 1979 ஜனவரி 5ல மெக்சிகோல இறந்தாரு, வயசு 56தான். அவரு ஆசைப்படி மனைவி சூ அஸ்திய எடுத்துட்டு வந்து நம்ம கங்கையில கரைச்சாங்க, இந்த ஒரு விஷயத்துக்காகவாவது இந்தியால இருக்கற ஒரு பேப்பர் அவருக்கு பெரிய எடம் குடுத்திருக்கலாம். எபிடாஃப்னு ரெண்டு மணி நேரத்துக்கு மேல போற ஒரு படைப்ப எழுதி வச்சிருந்தாரு, அவரு உயிரோட இருந்தவரைக்கும் அது முழுசா மேடை ஏறவே இல்ல, 1989ல நியூயார்க் லிங்கன் சென்டர்ல சுமார் 30 பேரு சேந்து வாசிச்சாங்க.

பாண்டிச்சேரில வருஷா வருஷம் ஜூன் 21 ஒட்டி பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்ச இசை நாள் கொண்டாடுறாங்க, இங்க கடலூர்லேந்தும் பசங்க பஸ் ஏறி போயி பாக்குறாங்க. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மிங்கஸுக்கு ஒரு முழுப்பக்கம் குடுங்க சார். செல்லோ கதையும் ஃபோபஸ் பாட்டும் அதுல கண்டிப்பா வரணும், எங்ககிட்ட பறை கத்துக்கிற பிள்ளைங்களுக்கு நான் படிச்சு காட்டணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கடலூர் முதுநகர்