கணக்கில் நாற்பது எடுத்த பெண்ணுக்கும் நர்சிங்கில் இடம் உண்டு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு உங்கள் அறை வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். அந்தச் சில நாட்களில் நீங்கள் ஒதுக்கும் குரூப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

"நர்ஸ் ஆகணும் சார்" என்று ஒரு பெண் சொன்னால், உங்கள் கண் முதலில் போவது அவளுடைய கணக்கு மதிப்பெண்ணுக்கு. அது 38, 41 என்று இருந்துவிட்டால் "சயின்ஸ் உனக்கு ஒத்துவராது" என்று பேச்சு முடிந்துபோகிறது. எனக்கும் அப்படித்தான் முடிந்தது. வரலாற்றுப் பிரிவில் பிளஸ் டூ தேறி, டிப்ளமோ நர்சிங் படித்து, பிறகு டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பட்டமும் முடித்து இன்று வார்டில் நிற்கிறேன். இப்படி ஒரு வழி இருப்பதைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்றும் பல பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம். பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதம். கணிதம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் உங்களில் பலருடைய பள்ளியில் இருக்கிறது. நர்சிங் கேட்டு வருகிற பெண்ணை அங்கே உட்கார வைக்கக் கணக்கு மதிப்பெண் ஏன் தடையாக வேண்டும்?

அறிவியல் கிடைக்காதவளுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. மூன்றாண்டு டிப்ளமோவுக்கு அறிவியல் படித்திருப்பது விரும்பத்தக்கது என்கிறது கவுன்சில். ஆனால் கட்டாயம் என்று சொல்லவில்லை. பிளஸ் டூவில் மொத்தமாக 40 சதவீதம், ஆங்கிலத்தில் தனியாக 40 சதவீதம் வேண்டும். ஆகவே இந்தப் பெண்களுக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் ஆங்கிலம். இரண்டாண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர், பேறுகால உதவியாளர் படிப்பு) முடித்துப் பதிவு செய்தவர்களும் டிப்ளமோவுக்கு வரலாம். டிப்ளமோ முடித்தால் இரண்டே ஆண்டில் போஸ்ட் பேசிக் பட்டம். சுற்றுவழிதான், ஆனால் போய்ச் சேருகிற வழி.

"கணக்கே வராதவள் மருந்தளவு எப்படிப் பார்ப்பாள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்து கிலோ எடையுள்ள குழந்தை காய்ச்சலோடு வருகிறது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று டாக்டர் எழுதுகிறார். 150 மில்லிகிராம் வேண்டும். கையில் இருக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். அப்படியானால் 6 மில்லி. பக்கத்துக் கட்டிலில் 500 மில்லி டிரிப் எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும். அந்த செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணி, டிரிப் குழாயில் இருக்கும் சின்ன உருளையை நகர்த்திச் சரிசெய்வோம். பெருக்கல், வகுத்தல், விகிதம், தசமப் புள்ளி, இவ்வளவுதான். இருபடிச் சமன்பாட்டிலும் முக்கோணவியலிலும் தடுமாறியவள் இதிலும் தடுமாறுவாள் என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே சமயம் இதில் தவறவே கூடாது. ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். அதனால் இந்தக் கணக்கை அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள். வெளியே அனுப்பிவிடாதீர்கள்.

இந்தப் பெண்கள் இந்த மண்ணுக்குத் தேவை. வீடு தேடிப் போய் மருத்துவம் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம். வலி எங்கே என்று ஒரு பாட்டி கன்னடத்தில் சொல்லும்போது வார்டில் அதைப் புரிந்துகொள்ள அஞ்செட்டிப் பெண் ஒருத்தி இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் நேரில் பார்க்கிறேன். மலை கிராமங்களில் படிப்பு நின்ற பெண்ணுக்கு வீட்டில் அடுத்து நடக்கும் பேச்சு எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் வழி சொல்லாவிட்டால் வேறு யாரோ சொல்லிவிடுகிறார்கள். "ஆறே மாதத்தில் நர்சிங், வேலை உறுதி" என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களை நம்பித் தாய்மார்கள் தோட்டை அடகு வைக்கிறார்கள். படித்து முடித்த பிறகுதான் அந்தச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது என்று தெரிகிறது. பதிவு இல்லாதவள் சட்டப்படி நர்ஸ் இல்லை. பணம் கட்டும் முன் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கும்படி ஒவ்வொரு பெற்றோரிடமும் நீங்கள் சொன்னாலே பல குடும்பங்கள் பிழைக்கும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, டிப்ளமோவுக்கும் அது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வரும் சேர்க்கையில் நர்சிங் கேட்கும் பெண்ணிடம் கணக்கு மதிப்பெண்ணுக்கு முன்னால் இந்த வழிகளைப் பேசுங்கள். சனிக்கிழமைகளில் உங்கள் கணித ஆசிரியர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், சிரிஞ்சும் டிரிப் செட்டும் மருந்து பாட்டிலும் எடுத்துக்கொண்டு நானே வந்து விகிதக் கணக்கு சொல்லித்தருகிறேன். பணி நேரம் போக எந்தப் பள்ளிக்கு அழைத்தாலும் வருவேன்.

பணிவன்புடன்,
தருமபுரி மாவட்டச் செவிலியர் ஒருவர்